ஐந்தாம் தொகுதியில் நான் அழித்த சுவர்

படக்கதைப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது நல்ல அனுபவங்களை. அப்படிச் சில எனக்கும் உண்டு. ஆனால் அவற்றைக் கேட்டு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எந்த மை, எந்தத் தூரிகை என்ற கேள்விகளெல்லாம் கணினி வந்ததோடு போய்விட்டன. ஆகவே என் கையால் நடந்த ஒரு கெட்ட காரியத்தை எழுதுகிறேன். மங்கா என்று சொல்லும் ஜப்பானியப் படக்கதைகளில் ஓர் அறிவியல் புனைகதைத் தொடர் சிட்னியில் ஆங்கிலத்தில் வெளிவரத் தொடங்கி, ஐந்தாம் தொகுதியோடு நின்றுபோன கதை இது. நின்றதற்குக் காரணம் நான்.

கொழும்பில் ஒரு பத்திரிகையில் படங்களை அச்சுத் தகடாக்கும் புளொக் பகுதியில் படம் திருத்துகிறவனாக இருந்தேன். அமைச்சரின் தோளுக்குப் பின்னால் நிற்கும் வேண்டாத ஆளை அழிப்பது, கிழிந்த கழுத்துப்பட்டியைச் சரிசெய்வது, இப்படியான வேலைகள். அழித்த இடம் தெரியாமல் அழிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சிட்னிக்கு வந்து, இரண்டு வருடம் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் தட்டுக் கழுவினேன். பிறகு சென்ட்ரல் ஸ்டேசனுக்குப் பக்கத்தில், ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னப் பதிப்பகத்தில் வேலை கிடைத்தது. அதன் முதலாளி ஒரு அவுஸ்திரேலியப் பெண்மணி. ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு, ஒரு பெட்டி நிறைய மங்காப் புத்தகங்களோடு திரும்பி வந்தவர். நேர்முகத் தேர்வில் என்னிடம் ஒரு படத்தைத் தந்து, அதன் குறுக்கே விழுந்திருந்த தலைமயிர் போன்ற மெல்லிய கோட்டை எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு இருந்த இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

தொடரின் கதை இதுதான். வியாழனைச் சுற்றும் ஒரு நிலவின் அடியில் பனிக்கட்டி தோண்டும் சுரங்க நகரம். காற்றும் வெளிச்சமும் கம்பனி அளந்து கொடுப்பது. அங்கே பிறந்து வானத்தையே பார்த்திராத ஒரு பெண் தன் தகப்பன் எப்படிச் செத்தார் என்று தேடிப் போகிறாள். ஓவியர் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் வளர்ந்தவர் என்று புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நான் அதை வாசித்துவிட்டுக் கடந்து போனேன்.

ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும். எங்கள் வாசகர்களுக்கு அது பழக்கமில்லை என்று சொல்லி அந்தக் காலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சடித்தோம். எல்லாப் பாத்திரங்களும் இடதுகைக்காரர்களாகிப் போனார்கள். சுவர்க் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது என்று ஒரு ரயில் சாரதி எங்களுக்குக் கடிதம் போட்டிருந்தார். ஓவியர் அரைமனதோடுதான் இதற்குச் சம்மதித்தார். பதிலுக்கு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்: பேச்சுக் குமிழுக்கு வெளியே ஒரு கோட்டைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

முதல் நான்கு தொகுதிகள் நன்றாகவே போயின. மொழிபெயர்த்தவர் கெய்கோ, மெல்பேர்னில் குடியிருந்த ஜப்பானியப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயது இளையவர். பக்கம் பக்கமாக ஆங்கிலம் எழுதித் தபாலில் அனுப்புவார், அவசரமென்றால் ஃபக்ஸில் வரும். நான் குமிழுக்குள் இருந்த ஜப்பானிய எழுத்தை வெள்ளை மையால் மூடி ஆங்கிலத்தை ஒட்டுவேன். அச்சடிப்பு சிட்னியின் மேற்குப் புறத்தில், பரமட்டாவில். அங்கே அச்சுக்கூட மேற்பார்வையாளர் நசீர் நானா. கண்டிக்காரர், என்னைவிட மூத்தவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்; எங்களூர் முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல நான் அவரை நானா என்பேன். முழுக் கட்டடத்திலும் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தமிழ் தெரியும். என் வேலையை அவர் இரண்டாம் தரம் சரிபார்ப்பதில்லை. தம்பி பார்த்தால் பார்த்ததுதான் என்று மற்றவர்களிடம் சொல்வாராம்.

ஐந்தாம் தொகுதிக்குப் பல கிளைகள் உள்ள பெரிய புத்தகக்கடை ஒன்று முதல்முறையாக ஓடர் தந்தது. சிட்னியிலும் மெல்பேர்னிலும் ஒரே நாளில் கடைகளில் இருக்க வேண்டும், தவறினால் எடுக்கமாட்டோம் என்றார்கள். முதலாளி எங்களைக் கூப்பிட்டு, இது கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் இந்தக் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மை நிலைமை அதுதான்.

அந்தத் தொகுதியின் நடுவில் இரண்டு பக்கம் விரிந்த ஒரு படம். கைவிடப்பட்ட சுரங்கப் பாதையில் அந்தப் பெண் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். எதிரே நீளச் சுவர். சுவர் முழுவதும் கூரான எதனாலோ கீறிய மிகச் சிறிய எழுத்துகள். படத்தைத் திருப்பியதால் எழுத்துகளும் இடவலம் மாறிவிட்டன. ஜப்பானிய மொழி தெரிந்தவர் பார்த்தால் சிரிப்பார். கெய்கோவின் தாளில் அந்தப் பக்கத்துக்கு நேரே ஒரே ஒரு வரி: "சுவரில் உள்ள எழுத்து, பிறகு அனுப்புகிறேன்."

அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அவருடைய தகப்பனார் இறந்துபோய் அவர் ஜப்பானுக்குப் போயிருந்தார். மெல்பேர்ன் வீட்டுக்கு ஒரு தரம் போன் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜப்பானில் அவர் தங்கியிருந்த வீட்டின் தொலைபேசி இலக்கமும் என் மேசையிலேயே இருந்தது. செத்த வீட்டுக்குப் போன் எடுத்து, சுவரில் உள்ள கிறுக்கல் என்ன என்று கேட்பது மரியாதையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று யோசித்தால், மரியாதை ஒரு சாட்டுத்தான். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வேலை கூடும். அதுதான் எனக்கு வேண்டாமலிருந்தது.

முதலாளியிடம் கேட்டேன். உனக்குச் சரியென்று படுவதைச் செய் என்றார். எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி நேரே திருப்பி ஒட்டலாம். மூன்று நாள் வேலை. இல்லாவிட்டால், நிபந்தனையை மீறி அழிக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குந்தி, பின்னேரம் நாலரைக்கிடையில் முழுச் சுவரையும் அழித்து முடித்தேன். எழுத்து இருந்த இடங்களில் பாறை வெடிப்புகளைக் கீறினேன். நல்ல வேலை. அழித்த இடம் தெரியவேயில்லை.

பக்கங்களைப் படம்பிடித்த அச்சுப் பிலிமை நானே ரயிலில் பரமட்டாவுக்குக் கொண்டுபோனேன். நசீர் நானா வெளிச்சப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அந்த இரட்டைப் பக்கத்தில் கை நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க நான் முன்பு கொடுத்திருந்த ஜப்பானியப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"இதில என்னமோ எழுதிக் கிடக்குதே தம்பி."

"அது சும்மா சுவர்க் கிறுக்கல் நானா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "டவுட் ஒண்டு இருந்தாச் சொல்லுங்க. மெஷினை வேற வேலைக்குத் திருப்பலாம். ரெண்டு நாள் தள்ளுறதுக்கு என்ட பெரியாளோட நான் கதைக்கிறேன்."

"இல்லை நானா. எல்லாம் சரி. போடுங்கோ."

என்னுடைய சொல்லை நம்பி அவர் ஒப்புதல் தாளில் கையெழுத்து வைத்தார்.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவசரம் என்னை வேறு வழியில்லாமல் தள்ளவில்லை. ஒரு மனிதன் நிறுத்தி, வழியைத் திறந்துவிட்டு, என்னிடம் கேட்டான். இல்லை என்று சொன்னது என் வாய். வேலையில் நெருக்கடி வரும்போது நாங்கள் எல்லோரும் நேரத்தின் மேல் பழியைப் போடுகிறோம். பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் கொஞ்ச நேரம் இருந்திருக்கும். கேட்டு வாங்க வெட்கப்பட்டிருப்போம்.

புத்தகம் சொன்ன நாளில் கடைகளுக்குப் போனது. முதலாளி கேக் வாங்கி வந்தார். ஜப்பானுக்குப் பிரதிகள் விமானத் தபாலில் போயின. ஆறாம் தொகுதிக்கு நான் வேலை தொடங்கியிருந்தபோது ஜப்பானியப் பதிப்பாளரிடமிருந்து ஒரு ஃபக்ஸ் வந்தது. ஒப்பந்தம் முடிந்தது, விற்காத பிரதிகளை அழிக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் ஒரு பக்க எண் மட்டும் இருந்தது.

அன்று மத்தியானம் கெய்கோ மெல்பேர்னிலிருந்து போன் எடுத்தார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.

"நான் எழுதி வைத்த குறிப்பை நீங்கள் பார்க்கவில்லையா?"

"பார்த்தேன்," என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. ஒரு பாடத்தை விளக்குவதுபோல மெதுவாகச் சொன்னார். சுவரில் இருந்தவை பெயர்கள். ஓவியர் சிறுவனாக இருந்தபோது அவருடைய ஊர்ச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. தீ பரவாமலிருக்க, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே வாயை அடைத்து மூடினார்கள். அவருடைய தகப்பனும் உள்ளே. பக்கத்து வீட்டுக்காரர்களும் உள்ளே. அந்த மனிதர்களின் உண்மைப் பெயர்களைத்தான் அவர் அந்தச் சுவரில் ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். ஜப்பானில்கூட யாருக்கும் அவர் இதைச் சொல்லவில்லை.

கெய்கோ எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். கதைக்காக உருவாக்கிய பெயர்கள் இவ்வளவு சாதாரணமாக இருக்காது என்றார். ஜப்பானியப் பெயர் ஒன்றை எழுத்தைப் பார்த்து மட்டும் நிச்சயமாக வாசிக்க முடியாது. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வாசிப்பு இருக்கும். அந்த ஆளைத் தெரிந்தவர்தான் சரியாகச் சொல்ல முடியும். ஆகவே ஆங்கிலத்தில் பிழையாக எழுதிவிடக் கூடாது என்று கெய்கோ ஓவியருக்குக் கடிதம் போட்டு, ஒவ்வொருவரையும் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தார். பிறகு அனுப்புகிறேன் என்று எனக்கு எழுதியது அதனால்தான்.

ஓவியரின் பதில் வந்திருந்தது. அறுபத்தெட்டுப் பெயர்களும் அவற்றின் வாசிப்பும் கையால் எழுதிய நான்கு தாள்கள். இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான், நன்றி என்று மேலே ஒரு வரி. தபால் முத்திரையை வைத்துப் பார்த்தால், நான் அழித்துக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம் கடிதம் மெல்பேர்னில் கெய்கோவின் தபால்பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

நான் ரிசீவரை வைத்த பிறகு கதிரையிலிருந்து எழும்பவில்லை. யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறிப்போனது.

அடுத்த நாள் முதலாளி ஒரு கடிதத்தை அடித்துக்கொண்டு வந்தார். அச்சுக்கூடத்தில் பிலிமிலிருந்து அச்சுத் தகடு செய்யும்போது அந்தப் பக்கம் பழுதாகிவிட்டது, பதிப்பகத்துக்குத் தெரியாமல் நடந்த விபத்து என்று எழுதியிருந்தது. என்னுடைய கையெழுத்து வேண்டும். தொடரும் தப்பும், ஆறு பேருடைய வேலையும் தப்பும் என்றார். அவர் கெட்டவர் அல்ல. பயந்துபோயிருந்தார். எனக்கு ஒரு நாள் தாருங்கள் என்றேன். அவர் காத்திருக்கவில்லை. பின்னேரம் ஃபக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கடிதத்தின் பிரதி கிடந்தது. தன்னுடைய கையெழுத்தோடு அனுப்பியிருந்தார்.

நான் கையெழுத்து வைக்கவில்லை என்று நான்கு நாள் என்னைத் தேற்றிக்கொண்டு திரிந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறுவேன், சென்ட்ரலில் இறங்கிக் கந்தோருக்குப் போவேன், வேலை செய்கிறதுபோல இருப்பேன். பொய்யில் நான் கைவைக்கவில்லைத்தான். ஆனால் அது பொய் என்று சொல்ல வேண்டிய ஆள் நான். நான்கு நாளும் நான் வாய் திறக்காதது அந்தக் கையெழுத்தைவிடக் குறைந்ததல்ல.

ஐந்தாம் நாள் நசீர் நானா போன் எடுத்தார்.

"தம்பி, தகடு செய்த பிழையாம். பெரியாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்."

அவரே தொடர்ந்தார்.

"பிலிம் என்ட கைக்கு வரக்குள்ளேயே அது வெறுஞ்சுவர்தானே?"

"ஓம் நானா."

"அதை அவருக்குச் சொல்லுவீங்களா?"

"இப்பவே வாறன்," என்றேன்.

பரமட்டாவுக்குப் போய் அவருடைய பெரியவரின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, ஒப்புதல் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். மூலத்தில் எழுத்து இருக்கிறது என்று தெரிந்தும் உங்கள் வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்து வைத்தது மேற்பார்வையாளரின் பிழைதான் என்றார். நசீர் நானாவை அச்சுக்கூடத்திலிருந்து எடுத்து, பொதி கட்டி அனுப்பும் பகுதியில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அவர் திரும்ப இயந்திரத்துக்குப் பக்கத்தில் வரவில்லை.

ஓவியருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் வந்தது. என் பெரியண்ணா எண்பத்து மூன்றில் கொழும்பில் கடையைப் பூட்டப் போனவர் திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை, எந்தப் பட்டியலிலும் அவருடைய பெயர் இல்லை. அதையும் எழுதியிருந்தேன். பெயர் இல்லாமல் போவது என்னவென்று எனக்கும் தெரியும் என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன். கெய்கோ ஜப்பானிய மொழியில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தார். வாசித்துவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டார்.

"நீங்கள் எழுதியது எதையும் மாற்றாமல் மொழிபெயர்க்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் அண்ணனைப் பற்றி வாசித்தால் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். அதையும் அவரிடம் கேட்கப் போகிறீர்களா?"

அன்றிரவு அந்த மூன்று பக்கத்தையும் வெட்டிக் குறைத்தேன். மிஞ்சியது ஐந்து வரி. எழுத்து இருப்பதைப் பார்த்தேன். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. என் கையால் அழித்தேன். அச்சுக்கூடத்தின் பிழை என்று வந்த கடிதம் உண்மையல்ல. மன்னியுங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. அதைத்தான் கெய்கோ அனுப்பினார்.

பதில் வரவில்லை. வரவேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் பிழைதான்.

விற்காத பிரதிகளைக் கூழாக்க லொறியில் ஏற்றியபோது முதலாளி என்னையும் கூடப் போகச் சொன்னார். தண்டனையாக அல்ல, ஜப்பானுக்குச் சாட்சிக் கடிதம் ஒன்று தேவைப்பட்டது. பெரிய தொட்டிக்குள் கட்டுக்கட்டாகக் கொட்டினார்கள். நான் நின்று பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடத்துக்குள் பதிப்பகம் மூடப்பட்டது. முதலாளி தாஸ்மேனியாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. ஆறாம் தொகுதி எப்போது வரும் என்று கேட்டு வாசகர் கடிதங்கள், கதவு பூட்டிய பிறகும் கீழே தையல்கடைக்கு வந்துகொண்டிருந்தன. தையல்காரர் அவற்றைச் சேர்த்து வைத்து எனக்குத் தருவார்.

நசீர் நானாவைப் பார்க்க அவருடைய ஓபர்ன் வீட்டுக்கு ஒருநாள் போனேன். முன்னறையில் கதிரை போட்டு, தேத்தண்ணியும் வட்டிலாப்பமும் தந்தார். என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிழை விடாத ஆள் இல்ல தம்பி. அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. நான் கேட்ட நேரம் இல்லைண்டு சொன்னீங்களே. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமக் கிடக்குது."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதன் பிறகு கலியாண வீடுகளில் கண்டால் சலாம் சொல்வார், சுகம் கேட்பார். தம்பி என்று மட்டும் கூப்பிடுவதில்லை. அவர் இறந்தபோது ஜனாஸாவுக்குப் போய்த் தொழுகை வரிசையின் கடைசியில் நின்றேன்.

நான் பிறகு ஒரு வட்டாரப் பத்திரிகையில் பக்கம் அமைத்துக் காலத்தை ஓட்டினேன். ஜப்பானில் அந்தத் தொடர் முடியும்வரை வந்தது. முடித்துச் சில வருடங்களில் ஓவியர் இறந்துபோனார். கெய்கோ தொலைபேசியில் சொன்னார். இரண்டாயிரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. மங்காவை வலமிருந்து இடமாக, வரைந்தபடியே வாசிக்க இளைஞர்கள் பழகிவிட்டார்கள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று முழுத் தொடரையும் திரும்ப ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்பு கெய்கோதான். ஐந்தாம் தொகுதியின் சுவரை யாரும் தொடக் கூடாது, பெயர்களின் பட்டியல் பின்னால் வரவேண்டும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார்.

அந்தப் பட்டியலின் அச்சுப்படியைப் பார்க்க என்னைக் கேட்டார். நான் பத்திரிகையிலிருந்து ஓய்வு பெறும் வருடம் அது. ஏன் என்னை என்றேன். "அந்தச் சுவருக்கு உங்களைப்போல அவ்வளவு கிட்ட நின்றவர் வேறு யாருமில்லை," என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை.

ஓவியரின் நான்கு தாள்களின் நகலை முதல்முறையாக அப்போதுதான் கண்டேன். எழுத்து, பக்கத்தில் வாசிப்பு, வயது. இருபத்திரண்டு. நாற்பத்தொன்று. பதினெட்டு. ஒரு வாரம் எடுத்து, ஒவ்வொன்றாகச் சுவரோடு ஒப்பிட்டேன். மூன்றாம் தாளில் ஒரு பெயருக்கு நேரே வாசிப்பு இல்லை. ஓவியர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். இவர் வேறெங்கிருந்தோ தனியாக வந்து வேலைக்குச் சேர்ந்தவர், இவரை எப்படிக் கூப்பிட்டோம் என்று சொல்ல ஊரில் யாரும் மிஞ்சவில்லை, ஊகித்து எழுத எனக்கு மனமில்லை.

அச்சுப்படியில் அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. கம்பனியின் இளம் பதிப்பாசிரியர் ஒரு பெண், என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த வெற்றிடம் தட்டச்சுப் பிழைபோலத் தெரிகிறது, வழக்கமான வாசிப்பு ஒன்றைப் போட்டுவிடலாமா, அல்லது அந்த வரியையே எடுத்துவிடலாமா என்று கேட்டார். அன்று மாலைக்குள் கோப்பு அச்சுக்குப் போக வேண்டும். அவசரம் குரலில் தெரிந்தது. ஆனாலும் அவர் கேட்டார். ஓவியரின் குறிப்பை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்படியானால் வாசகர்கள் இவருடைய பெயரை எப்படிச் சொல்வார்கள்?"

"சொல்லமாட்டார்கள்," என்றேன்.

குறிப்பை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, எழுத்தை மட்டும் வைத்து வரியை அப்படியே விடுகிறேன், குறிப்பையும் கீழே சேர்க்க இன்னும் ஒரு நாள் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டிருக்கிறார், கிடைத்திருக்கிறது. புத்தகம் தபாலில் வந்தபோது பின்பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். அறுபத்தெட்டு வரிகளும் இருந்தன. பட்டியலின் மூன்றாம் நிரலில் அந்தப் பெயரின் எழுத்து, அதற்குப் பக்கத்தில் வெறும் தாள், வயது முப்பது.